எண்ணெய் டிரைவர்

தென்காசியில் என்னை எண்ணெய் டிரைவர் என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொல்பவர்கள் உண்டு. நான் கடைத்தெருவைத் தாண்டட்டும் என்று காத்திருந்து சொல்பவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அவன் போனாலும் அது போகாது. போன மாதம் என் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தன்னை எண்ணெய் டிரைவர் பேரன் என்று பையன்கள் கூப்பிடுகிறார்கள், அது ஏன் என்று கேட்டான். எழுந்து வெளியே போய்விட்டேன். எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பிரேக்கில் எண்ணெய் விட்டவன் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அதைவிடக் கேவலமான பெயர் கிடையாது. சமையல்காரனைப் பார்த்து, சோற்றில் விஷம் வைத்தவன் என்று சொல்வதற்குச் சமம் அது. நான் பிரேக்கில் எண்ணெய் விடவில்லை. விட்டது யார் என்று எனக்குத் தெரியும், விட்டவருக்கும் தெரியும்.

கொழும்பில் ஆறு வருஷம் ஒரு துரையிடம் கிளீனராக இருந்து, பிறகு டிரைவராகி, லைசென்ஸ் புத்தகத்தோடு ஊருக்குத் திரும்பியவன் நான். அப்போது தென்காசியில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் முதலாளி அவர்களில் ஒருவர். வயல் இருந்தது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் சீசனுக்கு வாடகைக்கு விடுகிற இரண்டு வீடுகள் இருந்தன. கான்வாஸ் கூரை போட்ட பழைய கார் ஒன்றை மதுரையிலிருந்து வாங்கி வந்து, அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன்.

குற்றாலத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆனி ஆடிச் சாரலைத்தான் மழை என்று நினைத்துக்கொள்வார்கள். சாரலில் கார் ஓட்டுவது பெரிய காரியமில்லை. ஐப்பசி பிறந்து அடைமழை பிடிக்கும்போதுதான் காருக்கும் டிரைவருக்கும் சோதனை. ரோடு களிமண்ணாகும். செங்கோட்டை தாண்டி மலை ஏறிவிட்டால் பகலிலேயே மேகம் இறங்கிப் பத்தடி தெரியாது. கண்ணாடியைத் துடைப்பதற்கு உள்ளேயிருந்து கையால் ஆட்டுகிற ஒரு ரப்பர்ப் பட்டைதான் உண்டு. ஒரு கை அதிலும் ஒரு கை ஸ்டியரிங்கிலும் இருந்தால் கியர் போட மூன்றாவது கை யார் தருவது?

அதனால் புரட்டாசி முடியும்போதே நான் காரை மழைக்குத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுவேன். நல்ல டயர் இரண்டையும் பின்னால் மாற்றுவேன். கான்வாஸ் கூரைக்கு மெழுகு காய்ச்சித் தடவுவேன். தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவில் ஈரம் பட்டால் வண்டி நடுரோட்டில் செத்துப்போகும். அதற்கு மெழுகுத் துணியில் ஒரு சட்டை தைத்துப் போடுவேன். முன் கண்ணாடியில் புகையிலையை நனைத்துத் தேய்த்தால் மழைத்தண்ணீர் திட்டுத் திட்டாக நிற்காமல் வழிந்துவிடும். கொழும்பில் படித்த பாடம் இது. முதல் தடவை நான் இதைச் செய்வதைப் பார்த்த முதலாளி, கார் எப்போதிருந்து புகையிலை போட ஆரம்பித்தது என்று கேட்டுவிட்டு, தன் கேலியைத் தானே ரசித்துச் சிரித்தார். வழுக்குகிற இடத்தில் சக்கரத்தில் சுற்றிக் கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு நாலு சுருள் எப்போதும் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே பிரேக். அதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குவேன். நாலு சக்கரத்தையும் கழற்றி, பிரேக் பட்டைகளை வெளியே எடுத்து, பளபளப்பேறிய இடத்தை அரத்தால் ராவி, இடதும் வலதும் ஒரே நேரத்தில் பிடிக்கிற மாதிரி கம்பிகளை இழுத்து வைப்பேன். எங்கள் தெருவில் முதலாளி வீட்டு வாசலிலிருந்து இருபதடி தள்ளி ஒரு வேப்பமரம் உண்டு. தினமும் காலையில் வண்டியை எடுத்து ஓடவிட்டு மரத்தடியில் மிதிப்பேன். மரத்தைத் தாண்டிப் போனால் அன்றைக்கு வண்டி வெளியே போகாது. யார் வந்து என்ன சொன்னாலும் போகாது.

நான் சொல்லப்போகிற வருஷம் முதலாளியின் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். புனலூரில் மிளகு வியாபாரம் செய்கிற நம் ஆட்கள் குடும்பத்தில் அவளைக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அழைத்து வருவதாகப் பேச்சு. அது ஐப்பசியில் வந்து விழுந்தது. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ரயில் போய்ச் சம்பந்தி வீட்டு வாசலில் நிற்குமா? முதலாளி தன் காரைச் சம்பந்திக்குக் காட்ட வேண்டும், அதுதான் விஷயம். வயிற்றுப்பிள்ளைக்காரியை ரயில் போகிற இருட்டுக் குகைக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். முதலாளியம்மாளுக்கு மலைவளைவு ஆகாது, வாந்தி எடுப்பார்கள். ஆகையால் முதலாளியும் நானும் மட்டும் போவதென்றும், திங்கட்கிழமை ராகுகாலத்துக்கு முன் புறப்படுவதென்றும் முடிவாயிற்று. சம்பந்தி வீட்டில் பத்தரைக்குள் பெண் படியிறங்க வேண்டும். அதற்குப் பிறகு எமகண்டம்.

வெள்ளிக்கிழமை பிரேக் வேலையை முடித்தேன். சனிக்கிழமை முதலாளிக்கு எண்ணெய்க் குளியல். வாராவாரம் குற்றாலத்து வீட்டுக்குப் போய், எண்ணெய் தேய்க்கிற ஆளை வரவழைத்து, மிளகும் சீரகமும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்க்கச் சொல்லி, அப்புறம் அருவிக்குப் போவார். அந்த எண்ணெயின் வாசம் அவர் தலையை விட்டு அடுத்த சனிக்கிழமை வரை போகாது. உலகத்தில் எதற்கும் எண்ணெய்தான் மருந்து என்பது அவர் கட்சி. கதவு கிறீச்சிட்டாலும் எண்ணெய், மாடு இளைத்தாலும் எண்ணெய், மருமகன் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அவனுக்கும் ஒரு எண்ணெய்க் குளியல் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருமுறை என்னிடமே சொன்னார்.

அன்றைக்கு அவரை இறக்கிவிட்டு, காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, நான் ஐந்தருவிப் பாதையில் இருந்த ஆசாரியைப் பார்க்க நடந்தேன். மலையில் வண்டி நின்றால் சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஒரு நல்ல கட்டை வேண்டும். பழைய கட்டை உளுத்துவிட்டது. ஆசாரி தேக்கில் ஆப்பு மாதிரி சரிவாகச் செதுக்கி, பிடிக்க ஒரு கைப்பிடியும் வைத்துக் கொடுத்தார். வண்டி பத்திரமாக நிற்க வேண்டும் என்று நான் அங்கே ஆசாரி பக்கத்தில் குந்தியிருந்த இரண்டு மணி நேரத்தில், வண்டி நிற்கவே முடியாதபடி இங்கே ஒரு வேலை நடந்துவிட்டது.

திரும்பி வந்து காருக்குப் பக்கத்தில் போனேன். எண்ணெய் வாசம் வந்தது. குற்றாலத்துக் கார் எது எண்ணெய் வாசம் இல்லாமல் இருந்தது? ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் எண்ணெய்த் தலை, எண்ணெய் உடம்பு. நான் அதைக் கவனிக்கவில்லை. சமமான ரோட்டில் மெதுவாகத் திரும்பியதில் பிரேக்கை அழுத்தி மிதிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஞாயிறு முழுக்க மழை. கார் தென்காசியில் ஷெட்டுக்குள் நின்றது.

திங்கட்கிழமை காலை என் தப்பு நடந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை. வாசலில் காரை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழத்தை நசுக்கிப் புறப்பட்ட வண்டி வாசல் மறைகிறவரை நிற்கக்கூடாது என்றார்கள். நான் வேப்பமரத்தடியில் ஒரு மிதி மிதித்துப் பார்க்கிறேன் என்றேன். நல்ல காரியத்துக்குப் போகும்போது புறப்பட்ட இடத்திலேயே தடங்கலா என்று முதலாளியம்மாள் கண் கலங்கிவிட்டார்கள். நான் மிதிக்கவில்லை. மரத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒரு அம்மாளின் கண்ணீருக்காகத் தொழிலை விட்டுக்கொடுத்தது அந்த ஒரு நாள்தான்.

செங்கோட்டை ரோட்டில் ஒரு மாட்டுவண்டிக்காக மிதித்தபோது வண்டி கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நின்றது. தண்ணீர் பட்டிருக்கும், ஓட ஓடக் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். புளியரை தாண்டி மலை ஏறுகிறவரை பிரேக்குக்கு வேலையே இல்லை. கோட்டைவாசலைக் கடந்து ஆரியங்காவுப் பக்கம் இறங்க ஆரம்பித்தபோது தூறல் வலுத்தது. முதல் வளைவுக்கு முன் மிதித்தேன். கால்தான் அழுந்தியது. வண்டி பாட்டுக்கு வண்டி போயிற்று. கைப்பிரேக்கை இழுத்தேன், அதுவும் பேருக்குப் பிடித்தது. வலது பக்கம் பள்ளம், அடியில் மரத்தலைகள். பல் நொறுங்குகிற சத்தத்தோடு கியரை இறக்கி, இடது சக்கரத்தை மலையோரத்து ஓடையில் விட்டேன். மட்கார்டு பாறையில் தேய்ந்து மடங்கியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சம்பந்தி வீட்டுக்கு வைத்திருந்த முறுக்குக் கூடை முதலாளியின் மடியில் கவிழ்ந்தது.

நான் இறங்கிக் கட்டையை முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் பட்டையைக் கையில் எடுத்தேன். வழுவழுவென்று இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மிளகு, சீரகம், இஞ்சி. என் முதலாளியின் தலை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கேட்காமலே சொன்னார், அதுவும் பெருமையாகச் சொன்னார். “எண்ணெய் தேய்க்கிறவன்ட்ட நாந்தாம்லே பூசச் சொன்னேன். சக்கரத்துக்குள்ள, அடியில, எல்லா எடத்துலயும். புள்ள வருதுல்லா, மழைத்தண்ணி அண்டக் கூடாதுன்னு.”

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. கையிலிருந்த பட்டையை அவர் மேலேயே எறிந்திருப்பேன். நல்ல மனசோடு செய்திருக்கிறார் என்பது என் கோபத்தை இன்னும் கூட்டியது. கெட்ட மனசுக்காரனையாவது திட்டலாம். “மொதலாளி, எண்ணெய் ஒடம்புக்கு. பிரேக்குல பட்டா வண்டி நிக்காது. நாம ரெண்டு பேரும் இப்பம் அங்கன கெடந்திருக்கணும்” என்று பள்ளத்தைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

வந்த வழியே திரும்பினாலும் இறக்கம்தான். நாலு சக்கரத்தையும் கழற்றினேன். தகர டின்னில் மிச்சம் வைத்திருந்த பெட்ரோலில் பட்டைகளைக் கழுவினேன். கழுவினாலும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே கசிந்தது. அதை உறிஞ்ச ஏதாவது பொடி வேண்டும். மண்ணெல்லாம் சேறு. சாம்பல் கிடைக்க ஒரு அடுப்பு கூட அந்தக் காட்டில் இல்லை. முதலாளியின் இடுப்பில் விபூதிப் பை இருந்தது. கேட்டேன். அவர் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு அவிழ்த்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை விபூதியையும் பட்டைகளில் அப்பித் தேய்த்தேன். ஓட்டிப் பார்த்தால் பாதி பிடித்தது. பத்தரைக்குள் பெண்ணைப் புறப்பட வைக்க வேண்டுமே என்று முதலாளி ஆரம்பித்தார். அவசரமென்றால் நடந்து போகலாம் என்று சொல்லிவிட்டேன். முதலாளியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

சக்கரங்களில் கயிற்றைச் சுற்றி, முதல் கியரிலேயே ஊர்ந்து, புனலூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. சம்பந்தி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பத்தரைக்குள் அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த நேரத்துக்கு, இப்படி அடிபட்ட வண்டியோடு வந்தால் பெண்ணை எப்படி நம்பி அனுப்புவது என்று கேட்டார். கேட்டது நியாயம். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். முதலாளி என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். “நம்ம டிரைவர் பிரேக்குல எண்ணெய விட்டுட்டான். இப்பம் எல்லாம் கழுவியாச்சி. பயமில்ல.”

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பெண்ணைப் பெற்ற தகப்பனே ஆள் வைத்துப் பிரேக்கைக் கெடுத்தான் என்று தெரிந்தால் அவர்கள் அனுப்பமாட்டார்கள். அந்தப் பெண் உள்வாசலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அம்மா வீட்டுக்குப் போக மாட்டோமா என்கிற முகத்தோடு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். ஆமாம், என் தப்புத்தான், இனி நடக்காது என்று சம்பந்தியிடம் தலையையும் ஆட்டினேன். புனலூரில் சொன்னதற்காக என் முதலாளி மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. இதை முக்கியமாக எழுதிவைக்க வேண்டும்.

ஒன்றரை மணிக்குப் பெண்ணையும், துணைக்கு அவர்கள் வீட்டு வேலைக்கார அம்மாளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். கோட்டைவாசலுக்கு வரும்போது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. இனிப் புளியரை வரைக்கும் கொண்டைஊசி மாதிரி வளைவுகள், எல்லாம் இறக்கம். மழை நிற்கவில்லை. நான் வண்டியை நிறுத்தினேன். முதலாளியைப் பார்த்தேன். அவர் தானாக இறங்கினார், பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டு முட்டுக்கட்டையை எடுத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். சேற்றில் கால் வைத்து நான் பார்த்திராத மனுஷர், கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் நிறுத்தினேன். அவர் ஓடி முன்னால் வந்து கட்டையைச் சக்கரத்துக்கு முன் போட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மறுபடி எடுத்தார், மறுபடி நடந்தார்.

“அப்பா எதுக்கு மழைல நடக்காவ?” என்று பெண் கேட்டாள்.

“உக்காந்து உக்காந்து இடுப்பு பிடிச்சிட்டும்மா. கொஞ்சம் நடக்கேன்” என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

இரண்டு வளைவு தாண்டினோம். அப்புறம் என் பக்கம் குனிந்து, “அண்ணாச்சி, காருக்குள்ள அப்பா தலை எண்ணெய் வாசம் வருதே. அப்பா வெளியிலல்லா நடக்காவ” என்றாள். ஒன்பது மாதக்காரியிடம், அதுவும் அந்த வளைவில் வைத்து, என்னத்தைச் சொல்ல? குற்றாலத்துக் காரம்மா, இப்படித்தான் மணக்கும் என்றேன்.

புளியரையில் தரை சமமானதும் முதலாளி ஏறிக்கொண்டார். முழங்கால் வரை சேறு. வீடு சேர்ந்தோம், ஆரத்தி எடுத்தார்கள், பெண் உள்ளே போனாள். நான் காரை ஷெட்டில் விட்டுவிட்டு, மடங்கிய மட்கார்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்தார். கட்டை இன்னும் அவர் கையில் இருந்தது. அதை வைக்கிற இடத்தில் தானே வைத்தார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மெல்லச் சொன்னார்.

“ஏலே, அடுத்த மழைக்கு எண்ணெய் பூசணும்னா, ஒன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் பூசுவேன்.”

சரி முதலாளி என்றேன். பெரிய மனுஷர் அவர். இதற்கு மேல் அவர் வாயிலிருந்து வராது, இதுவே போதும் என்று தோன்றியது. காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த கோபம் அணைந்துவிட்டது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை காபி கிளப்புக்குள் நுழைகிறேன். முதலாளி தன் சிநேகிதர்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர்களில் ஒருவர், “வாங்க எண்ணெய் டிரைவரே” என்றார். கிளப்பு முழுக்கச் சிரித்தது. கல்லாவில் இருந்தவரும் சிரித்தார். கதை அதற்குள் முழுசாகத் தயாராகி இருந்தது. நான் தூக்கக் கலக்கத்தில் பிரேக்கில் எண்ணெயை ஊற்றிவிட்டேனாம். முதலாளிதான் மோந்து பார்த்துக் கண்டுபிடித்து, தன் விபூதியைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றினாராம். இங்கே சம்பந்தி இல்லை, பெண்ணை அனுப்பமாட்டேன் என்று சொல்ல யாரும் இல்லை. ஒரு தம்ளர் காபியோடு சிரிப்பதற்கு ஒரு கதை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் அவரையே பார்த்தேன். அவர் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் மூன்று குழந்தைகள், ஊரில் வேறு கார் வைத்திருந்தவர்களெல்லாம் அவருடைய சிநேகிதர்கள். காபியைக் குடிக்காமல் வெளியே வந்தேன். அவர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி, அன்றைக்கு வாயைத் திறக்காத என் மேல் இருக்கிறது.

அந்தக் கார்த்திகையில் முதலாளிக்குப் பேரன் பிறந்தான், தாயும் பிள்ளையும் சுகம். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் அவரிடம் ஓட்டினேன். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி முடியும்போது, நான் பிரேக் பட்டைகளை ராவிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து ஷெட்டுக்கு வருவார். எண்ணெய் பூசலாமா என்று கேட்பார். வேண்டாம் முதலாளி என்பேன். சரி என்று போய்விடுவார். சொன்ன சொல் தவறாமல் பதினோரு வருஷமும் கேட்டார். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்.